அம்மாவின் வால்வும் ஊரடங்கும்: நாங்கள் பட்டது

"காய்ச்சல் இருக்கிறதா? இருமல்? வெளியூர் போய் வந்தீர்களா?"

2020 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று இந்த மூன்று கேள்விகளுக்கும் எத்தனை பேரிடம் பதில் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. காரின் பின் இருக்கையில் அம்மா படுக்க முடியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, முன் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இதய நோயாளி என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மூச்சுத் திணறல் என்ற சொல்லைக் கேட்டதுமே எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

நாங்கள் பேராவூரணி பக்கம். அம்மாவுக்கு அப்போது 54 வயது. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இதயத்தின் இடப்புற அறைகளுக்கு நடுவில் உள்ள மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 2012இல் சென்னையில் செயற்கை வால்வு வைத்தார்கள். அதெல்லாம் நல்லபடியாக நடந்தது. வால்வு வைத்தவர் உள்ள வீட்டுக்காரர்களுக்கு மற்றது தெரிந்ததுதான்: தினமும் சாயங்காலம் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆசிட்ரோம் மாத்திரை, மாதம் ஒரு முறை ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று எண்ணில் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை. அம்மாவுக்கு அந்த எண் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் உறையும், ஏறினால் எங்கே கசியும் என்று சொல்ல முடியாது. எட்டு ஆண்டுகளாக ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தோம். கடைசியாக எழுதியது 2020 மார்ச் 10: 2.8.

மார்ச் 24 மாலை 144 தடை, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. வீட்டில் ஒரு மாதத்துக்கு மாத்திரை இருந்தது. ஏப்ரல் நடுவில் வாங்கப் போனபோது, அம்மா சாப்பிடும் 2 மில்லிகிராம் இல்லை, சரக்கு வர இரண்டு வாரமாவது ஆகும் என்றார் மருந்துக் கடைக்காரர். அங்கேயே நான் ஒரு தவறு செய்தேன். 1 மில்லிகிராம் இருக்கிறதா, இருந்தால் இரண்டாகச் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. "இருப்பதை வைத்து ஓட்டுவோம், வந்துவிடும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வார்த்தையை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

பரிசோதனையும் நின்றுபோனது. பேராவூரணியில் ரத்தம் எடுப்பவர்கள் தஞ்சாவூருக்கு அனுப்பித்தான் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள். எடுத்துப் போகும் வண்டி வரவில்லை. திருச்சியில் அம்மாவைப் பார்க்கும் டாக்டர் தொலைபேசியில் பேசினார், அதில் குறையே இல்லை. ஆனால் "ஐ.என்.ஆர். பார்த்து அனுப்புங்கள், அதுவரை அதே அளவு" என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்?

மாவட்டங்களை மண்டலங்களாகச் சேர்த்து, ஜூன் 1இலிருந்து மண்டலத்துக்குள் பஸ் ஓடியது. தஞ்சாவூரும் திருச்சியும் ஒரே மண்டலம், இ-பாஸ் என்ற அரசின் இணையவழிப் பயண அனுமதி தேவையில்லை. ஜூன் 25இல் மாவட்ட எல்லையைத் திரும்ப மூடும் வரை, முழுதாக 24 நாட்கள். நாங்கள் போகவில்லை. "நல்லாத்தானே இருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நோயை வாங்கிக்கொண்டு வரவா?" என்றார் அம்மா. வால்வு வைத்தவர்களுக்குக் கொரோனா வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் பயம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது அந்த 24 நாட்களை நினைத்தால்தான்.

ஜூன் கடைசியில் மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உடனே திருச்சி போகலாம் என்றால் இப்போது இ-பாஸ் வேண்டும். ஜூலை 3 அன்று விண்ணப்பித்தேன். ஆதார், வண்டி எண், மருத்துவக் காரணம், 2012ஆம் ஆண்டு மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், எல்லாம் ஏற்றினேன். நிராகரித்தார்கள். பழைய தாள் செல்லாது, இப்போதைய டாக்டர் கடிதம் வேண்டும். டாக்டரைப் பார்க்கத்தானே ஐயா பாஸ் கேட்கிறோம்! டாக்டரின் உதவியாளரைக் கெஞ்சி, கடிதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, 7ஆம் தேதி மறுபடியும் போட்டேன். கடிதத்தில் தேதி இல்லை என்று அதுவும் போயிற்று. 9ஆம் தேதி மூன்றாவது விண்ணப்பம். "பரிசீலனையில்" என்று காட்டியது, காட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வாங்கித் தருகிறேன் என்றார். போலிப் பாஸோடு சோதனைச் சாவடியில் மாட்டினால் அம்மாவோடு நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்று மறுத்துவிட்டேன். மறுத்தது சரிதானா என்று அடுத்த மூன்று நாளும் தூக்கம் வரவில்லை.

11ஆம் தேதி இரவு கரண்ட் போனது. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வைத்த மாதிரியான செயற்கை வால்வு மூடும்போது சத்தம் வரும். பகலில் தெரியாது, இரவில் வீடு அடங்கிய பிறகு, மேசைக் கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று பக்கத்துக் கட்டில் வரை கேட்கும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தச் சத்தத்தில்தான் தூங்குவாள். அப்பாயி நெஞ்சுக்குள் கடிகாரம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னவள். அன்று மின்விசிறி நின்று வீடே நிசப்தமாக இருந்தது. அம்மா சுவரில் தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். கேட்டது அவர் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்து நெஞ்சில் காது வைத்தேன். கிணற்றுக்குள் துணி மூட்டை விழுந்த மாதிரி மந்தமாக ஏதோ ஒன்று. டிக் இல்லை.

"மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?" என்றேன். பதில் சொல்லாமல் அலமாரியைக் காட்டினார். பிஸ்கெட் டப்பாவில், காலண்டர் தாளில் மடித்து, அரை அரையாக வெட்டிய ஆசிட்ரோம். எண்ணவில்லை, கை நிறைய இருந்தது. ஏப்ரலில் தட்டுப்பாடு வந்த அன்றிலிருந்து பாதிதான் சாப்பிட்டிருக்கிறார். மே மாதம் சரக்கு வந்த பிறகும், எப்போது வேண்டுமானாலும் திரும்ப நின்றுவிடும் என்று மீதிப் பாதியைச் சேர்த்து வைத்திருக்கிறார். 2018 கஜா புயலில் தென்னை அத்தனையும் சாய்ந்ததிலிருந்து எதையும் சேர்த்து வைக்கும் பழக்கம் அவருக்கு. கோபப்பட முடியவில்லை. இருப்பதை வைத்து ஓட்டுவோம் என்று சொன்னவன் நான்தானே.

விடிந்தால் ஞாயிறு. அந்த ஜூலையில் ஞாயிறுதோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. பக்கத்து வீட்டு அண்ணன் கேள்வியே கேட்காமல் காரை எடுத்தார். மாவட்டத்துக்குள்ளேயே என்பதால் தஞ்சாவூருக்குப் பாஸ் வேண்டாம். இரண்டு இடங்களில் போலீசார் நிறுத்தினார்கள், அம்மாவைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. வாசலிலேயே நெற்றிக்கு நேராகக் கருவியைக் காட்டினார்கள், காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டிப் பார்த்தார்கள், ஆக்சிஜன் 88. அவ்வளவுதான். "மூச்சுத் திணறல், ஆக்சிஜன் குறைவு, கொரோனா சந்தேகம், இங்கே எடுக்க மாட்டோம்." நோட்டை நீட்டினேன், கையில் வாங்கவில்லை. டாக்டர் ஒருவர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தால் போதும் என்று கேட்டேன். அரை மணி நேரம் காத்திருந்தும் யாரும் காருக்கு அருகில் வரவில்லை. அவர்களுக்கும் உயிர்ப் பயம், தெரியும். ஆனால் கேட்டைத் தாண்டி ஒரு நாற்காலி கூடப் போடாத அந்த அரை மணியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் புத்தி வந்தது. முதல் வாக்கியத்தை மாற்றினேன். மூச்சுத் திணறல் என்று ஆரம்பிக்கவில்லை. "செயற்கை மைட்ரல் வால்வு வைத்தவர். மூன்று மாதமாக மாத்திரை பாதி. நேற்று இரவிலிருந்து வால்வு சத்தம் கேட்கவில்லை." இதையே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். வால்வு உள்ள யாரை அழைத்துப் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். கொரோனா அறிகுறியை மறைக்கச் சொல்லவில்லை. காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆனால் வால்வு முதலில் வரட்டும்.

அங்கேயும் சளி மாதிரி எடுத்து, முடிவு நாளைக்குத்தான் என்று சந்தேக வார்டில்தான் படுக்க வைத்தார்கள். சுற்றிலும் இருமல். அம்மா சேலைத் தலைப்பை முகக்கவசத்துக்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தார். ஆனால் பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் ஒருவர் நான் சொன்ன மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். "சத்தம் கேட்கவில்லையா?" கவச உடைக்கு மேல் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டுவது சுலபமில்லை, தலையுறையின் ஓரத்தைத் தூக்கிக் காதில் செருகி, நெடுநேரம் கேட்டார். பிறகு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார். முடிவு வரும் வரை காத்திருக்க முடியாது என்று யாரிடமோ போனில் சண்டை போட்டது எனக்குக் கேட்டது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ கருவியை அந்த வார்டுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ஐ.என்.ஆர். 1.2. வால்வின் இரண்டு இதழ்களில் ஒன்று அசையவே இல்லை. வழக்கமாக 5 அளவில் இருக்கும், வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்த வித்தியாசம் 19. திறந்து அறுவை செய்வது ஒரு வழி, கொரோனா முடிவு தெரியாமல் அது இன்னும் ஆபத்து. கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுக்கலாம் என்றார்கள். கரையும்போது துணுக்கு மூளைக்குப் போகலாம், ரத்தம் கசியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன். முதல் அரை மணியில் இரண்டரை லட்சம் யூனிட், பிறகு மணிக்கு ஒரு லட்சம் என்று ஏறியது. இரவு முழுக்க மணிக்கு ஒரு முறை "பெயர் சொல்லுங்கள், கையைத் தூக்குங்கள்" என்று நர்ஸ் கேட்பதும் அம்மா பதில் சொல்வதும் கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கள் காலை அழுத்தம் 9. மாலையில் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. செவ்வாய் 5. அன்று மதியம் அந்த டாக்டர் வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் விரலால் காற்றில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். டிக், டிக். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

திருச்சிக்கான இ-பாஸ் கிடைத்துவிட்டது என்ற குறுஞ்செய்தி திங்கள் காலை 11 மணிக்கு வந்தது.

பிறகு ஒன்று படித்தேன். 2020 மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை, 187 மருத்துவமனைகளில் மாரடைப்புக்குச் சேர்ந்தவர்களை இந்திய இதயவியல் சங்கம் கணக்கெடுத்தபோது, முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாம். அந்த மூன்று மாதத்தில் நெஞ்சுவலி குறைந்துவிட்டதா என்ன? எங்களைப் போல வீட்டிலேயே இருந்தவர்கள் அவர்கள். காருக்குள் அரை மணி நின்றவர்கள் அவர்கள்.

இப்போது என் போனில் நான்கு படங்கள் எப்போதும் இருக்கின்றன: வால்வு அட்டை, கடைசி எக்கோ, ஐ.என்.ஆர். நோட்டின் கடைசிப் பக்கம், தேதி போட்ட டாக்டர் கடிதம். கடிதத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிதாக வாங்கிவிடுகிறேன். மாத்திரை இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே வாங்குகிறோம், அட்டையில் மில்லிகிராம் எண்ணைக் கடையிலேயே படித்துப் பார்த்து. கபசுரக் குடிநீரோ வேறு எதுவோ புதிதாகக் கொடுத்தால், ஆசிட்ரோமோடு சேருமா என்று கேட்காமல் தொடுவதில்லை.

ஆகஸ்ட் 17இலிருந்து ஆதாரும் போன் எண்ணும் கொடுத்தாலே இ-பாஸ் உடனே கிடைக்கும் என்றானது. அந்த வாரமே திருச்சி போய் வந்தோம். ஐ.என்.ஆர். 2.9.

2021 மார்ச்சில் தடுப்பூசி. 60 வயது ஆகாதவர்களுக்கு 20 இணைநோய்களில் ஒன்று இருப்பதாக டாக்டர் சான்று வேண்டும் என்றார்கள். கோப்போடு போனதால் ஒரே நடையில் கிடைத்தது. ஊசி போடும் இடத்தில் நர்ஸ், "ரத்தம் உறையாத மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களாம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்த மாதத்துப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "முழு மாத்திரை. சாயங்காலம் ஆறு மணிக்கு."