நேரில் பார்த்தது

ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், ஆய்வு மாணவி ஒருவர் 14 மேற்கோள் நூல்களின் பட்டியலோடு என் மேசைக்கு வந்தார். சென்னையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பார்வை நூல் பிரிவு என் பொறுப்பு. 22 ஆண்டுகளாக இதே வேலை. அவருடைய ஆய்வுப்பொருள், நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கமாகப் பரந்து கிடந்த நீண்ட ஏரி. 1920களில் அந்த ஏரியை வடித்த இடத்தில்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது. அங்கே பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

அவருடைய பட்டியலும் அப்படித்தான் இருந்தது. 14இல் ஒன்பதை அன்று மாலைக்குள் எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டில் ஆண்டும் பதிப்பகமும் மாறியிருந்தன. தேடிச் சரிசெய்ய முடிந்தது. மீதி மூன்றும் எங்கேயும் அகப்படவில்லை. ஒன்று 1987இல் வெளிவந்த நூல் என்று போட்டிருந்தது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று எழும்பூரின் கன்னிமாரா நூலகம். அங்கே தேடச் சொன்னேன், இல்லை. இன்னொன்று ஓர் ஆய்விதழ்க் கட்டுரை. எழுதியவராகக் குறிக்கப்பட்டவர் உண்மையான அறிஞர், இதழும் உண்மையானது. ஆனால் 1931, தொகுதி 4 என்றிருந்தது. அந்த இதழின் முதல் தொகுதியே அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளிவந்தது. மூன்றாவதற்கு ஒரு டிஓஐ எண், அதாவது இணையத்தில் ஒரு கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண், கொடுக்கப்பட்டிருந்தது. அதைத் தட்டினால் மீன்களுக்கு வரும் நோயைப் பற்றிய கட்டுரை திறந்தது.

இதற்கு எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “நம் பல்கலைக்கழகத் தளத்தில்தான் மேடம் கேட்டேன். வெளியில் எங்கேயும் போகவில்லையே” என்றார்.

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவே இல்லை. எங்கள் பல்கலைக்கழகம் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் தனக்கென்று ஒரு செயற்கை நுண்ணறிவுத் தளத்தைத் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைக் கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். நாம் தட்டச்சு செய்வதை வைத்து வெளி நிறுவனம் தன் மொழி மாதிரியை, அதாவது விடைகளை எழுதித் தரும் மென்பொருளை, பயிற்றுவிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2023இல் இப்படி ஒரு தளத்தைத் தன் மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் திறந்துவிட்டது. பிறகு உலகின் பல வளாகங்களில் இது வழக்கமாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முகப்பில் பல்கலைக்கழக முத்திரை இருப்பதால், அது தரும் விடைக்கும் பல்கலைக்கழகம் பொறுப்பேற்கிறது என்று அந்த மாணவி நம்பிவிட்டார். நாம் உள்ளே போடுவதற்குத்தான் அந்த முத்திரை பாதுகாப்புத் தருகிறது. வெளியே வருவது மெய்யா பொய்யா என்பதற்கு அது சான்று அல்ல. தொடக்க நாளிலேயே இதை மாணவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நூலகத்தில் நடந்த அறிமுக வகுப்பில் கடவுச்சொல் மாற்றுவதைச் சொன்னோம், இதைச் சொல்லவில்லை.

எங்குமே இல்லாத அந்த மூன்று குறிப்புகள் பட்டியலில் எப்படி நுழைந்தன என்பதை அந்த மாணவிக்கு விளக்க முயன்றேன். எங்கள் நூற்பட்டியலில் ஒரு பெயரைத் தேடினால், இருந்தால் வரும், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று வரும். மொழி மாதிரி வேலை செய்வது வேறு விதம். இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தத் துண்டு வருவது பொருத்தம் என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கட்டுகிறது. மேற்கோள் குறிப்பு என்பது அச்சு வார்த்தாற்போன்ற வடிவம் உடையது: பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம். லட்சக்கணக்கான குறிப்புகளைப் பார்த்துப் பழகிய மாதிரிக்கு அந்த அச்சை நிரப்புவது எளிது. நிரப்பியது அலமாரியில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சில தளங்களில் இணையத்தில் தேடி எடுத்துத் தரும் வசதியும் இருக்கிறது. அதனால் பிழை குறைகிறதே தவிர ஒழிந்துவிடவில்லை. நியூயார்க்கில் 2023இல் இரண்டு வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

என்னைக் கலங்கச் செய்தது இன்னொன்று. ஆய்வேட்டை ஒப்படைக்கும்முன் ஒப்புமைச் சோதனை செய்து சான்றிதழ் தருவதும் எங்கள் பிரிவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமை இருக்கலாம், அதைத் தாண்டினால் படிப்படியாக நடவடிக்கை. மென்பொருள் செய்வது என்ன? ஏற்கெனவே உள்ள எழுத்தோடு இது எங்கே ஒத்துப்போகிறது என்று பார்க்கிறது. உலகத்திலேயே இல்லாத நூல் எதோடும் ஒத்துப்போகாது. அந்த மூன்று குறிப்புகளும் எங்கள் சோதனையில் மாசுமறுவற்று வெளியே வந்திருக்கும். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்றவர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்யாமல் எங்கள் துறையில் யாரும் தேறியதில்லை. நான்காவது விதி: வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. எனக்குப் பிடித்த விதி அதுதான். இந்தத் தளத்தை ஆரம்பத்தில் நான் வரவேற்றதும் அதனால்தான். ஆனால் அரை நிமிடத்தில் வந்த பட்டியலைச் சரிபார்க்க இரண்டு நாட்கள் ஆனபோது, மிச்சமானது யாருடைய நேரம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நான் பார்க்காமல் விட்டிருந்தால், பத்து ஆண்டுகள் கழித்து இதே ஏரியைத் தேடி வரும் இன்னொரு மாணவர் அந்த இல்லாத நூலைத் தேடி அலைந்திருப்பார். கடன் யார் தலையிலாவது விழத்தான் செய்யும்.

அதற்காகத் தளத்தை மூடி வைக்கச் சொல்லவில்லை. மறுவாரம் அந்த மாணவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து வேறு விதமாகக் கேட்டோம். ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகளில் நுங்கம்பாக்கம், மாம்பலம் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எந்தெந்த எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கக்கூடும்? ஏரி, மதகு, கலங்கல் ஆகியவற்றுக்கு அந்தக் காலப் பொதுப்பணித் துறையில் என்ன சொற்கள் புழங்கியிருக்கும்? ஏழெட்டு எழுத்துக்கூட்டல்கள் வந்தன. எல்லாமே ஊகங்கள்தான். ஆனால் இவை ஆவணக் காப்பகத்தின் அகரவரிசையில் வைத்துத் தேடிப் பார்க்கக்கூடிய ஊகங்கள். தவறானது தானாகவே உதிர்ந்துவிடும். என்னால் தனியாக யோசித்து அத்தனை வடிவங்களை எழுதியிருக்க முடியாது.

இப்போது என்னுடைய பிழையையும் சொல்ல வேண்டும். கல்வியாண்டு முடிவில் நூல்களைத் திருப்பித் தராதவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்புவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கனிவான கடிதம் எழுதச் சொல்லலாம் என்று, சுமார் 60 பேர் கொண்ட பட்டியலை அப்படியே வெட்டித் தளத்தில் ஒட்டினேன். கடிதங்கள் அழகாக வந்தன. நான்காவது கடிதத்தில், “தங்கள் தாயாரின் டயாலிசிஸ் சிகிச்சைக்கு நடுவே தங்களுக்கு இருக்கும் சிரமத்தை உணர்கிறோம்” என்றிருந்தது.

கை நின்றுவிட்டது. பட்டியலின் கடைசிப் பத்தியில், தாமதத்துக்கு மாணவர்கள் சொன்ன காரணங்களை எங்கள் ஊழியர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் பையன் வழங்கு மேசையில் நின்று, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்ன செய்தி அது. எண்களும் பெயர்களும் மட்டுமே இருக்கின்றன என்று நினைத்து நான் ஒட்டியிருந்தேன். பல்கலைக்கழகத் தளத்துக்குள்ளேதான் நடந்தது, வெளியே எதுவும் கசியவில்லை. இருந்தாலும் அதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கவில்லை. தனிநபரின் டிஜிட்டல் தரவைப் பாதுகாக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை அவரைக் கேட்காமல் இன்னோரிடத்தில் வைக்கக் கூடாது. அந்த உரையாடலை அழித்தேன், மேலதிகாரியிடம் சொன்னேன். இப்போது பெயர், எண், காரணம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு மாதிரிக் கடிதத்தை மட்டும் கேட்கிறோம். பெயர்களை எங்கள் கணினியில் நாங்களே சேர்த்துக்கொள்கிறோம். பத்து நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து ஆங்கிலத்தில் வந்த சுற்றறிக்கையைத் தளத்திடம் கொடுத்துத் தமிழாக்கினோம். படிக்கச் சரளமாக இருந்தது. நானும் ஒரு முறை கண்ணோட்டிவிட்டுத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தேன். அலுவலக உதவியாளர் கையில் பசையோடு திரும்பி வந்தார். “மேடம், இதில் ‘அபராதம் தள்ளி வைக்கப்படுகிறது’ என்று இருக்கிறது. தள்ளி வைப்பது வேறு, தள்ளுபடி வேறு அல்லவா? பிள்ளைகள் பிறகு கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள்” என்றார். பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவர் அவர். நாங்கள் மூன்று பட்டதாரிகள் பார்த்த தாள் அது. சரளமாக இருப்பதைச் சரியாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டிருந்தது. அவர் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

ஆசிரியர்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மாணவரின் ஆங்கிலம் திடீரென்று நன்றாக இருந்தால், எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் கருவியில் போட்டுப் பார்த்து, அது காட்டும் விழுக்காட்டை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று இத்தகைய கருவிகள் முத்திரை குத்தியதை, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் காட்டினார்கள். நம் வகுப்புகளில் இருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே அப்படிப்பட்டவர்கள்தான். சந்தேகம் வந்தால் மாணவரை எதிரில் உட்காரவைத்து, எழுதியதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொல்வதே நியாயம்.

அப்படிப் பேசச் சொல்லிப் பார்த்ததில் எனக்கு ஒரு நல்ல அனுபவமும் கிடைத்தது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவி ஒருத்தி, தினமும் மாலை ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பொருளாதாரப் பாடத்தின் ஒவ்வொரு பத்தியையும் தளத்தில் கொடுத்துத் தமிழில் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பாள். “ஒரே சந்தேகத்தை நான்கு முறை கேட்டேன் மேடம். வகுப்பில் இரண்டாவது முறை கேட்கவே கூச்சமாக இருக்கும்” என்றாள். திரையை மூடிவிட்டு, தேவை நெகிழ்ச்சி என்றால் என்னவென்று எனக்குச் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் தடுமாறிவிட்டு, கோயம்பேட்டில் தக்காளி விலை ஏறினாலும் அம்மா கால் கிலோவாவது வாங்குவதையும், மல்லிகைப்பூ விலை ஏறினால் அடியோடு விட்டுவிடுவதையும் ஒப்பிட்டுச் சொன்னாள். இந்த உதாரணத்தைத் தளம் தந்ததா என்று கேட்டேன். இல்லை, அது ஏதோ காரையும் பெட்ரோலையும் சொன்னது, எங்கள் வீட்டில் கார் இல்லையே என்றாள். இந்தப் பெண்ணிடமிருந்து அந்தத் தளத்தை யாரும் பறித்துவிடக் கூடாது என்று அப்போது நினைத்தேன்.

ஏரியைத் தேடிய மாணவி ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் திரும்பி வந்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் வாங்கி வைத்த எழுத்துக்கூட்டல்களில் ஆறு எதற்கும் உதவவில்லை. ஏழாவதில் ஒரு பொதுப்பணித் துறைக் கோப்பு கிடைத்திருக்கிறது. பென்சிலால் எழுதி வந்த தாள்களைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். கோப்பு எண், தேதி, பக்க எண் எல்லாம் இருந்தன. ஓர் இடத்தில் மூலத்தாள் பூச்சி அரித்துப் போயிருந்ததால் இரண்டு சொற்களுக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பவில்லை.

அவருடைய பட்டியலில் இப்போது 12 வரிகள். ஒவ்வொன்றுக்கும் நேராக வலப்பக்க ஓரத்தில், எந்த நூலகத்தில் என்றைக்குப் பார்த்தார் என்று எழுதியிருந்தார். பன்னிரண்டாவதற்கு மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது. “நேற்றுத்தான் பார்த்தேன் மேடம், இன்னும் எழுதவில்லை” என்று என் மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார்.