அம்மாவின் சாரஸ், என் சூஸ்

அப்பாவின் அஸ்தியைக் கரைக்கக் காசிக்குப் போய்விட்டுப் மலேசியாவின் பட்டர்வொர்த்துக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள், தே தாரேக் டீ ஆறுவதற்குள் கேட்டுவிடுகிறார்கள்: "கங்கையில டால்பின் இருக்காமே, பார்த்தீங்களா?" பார்த்தேன். ஆனால் கைப்பேசியில் இருக்கும் முப்பத்தொரு படத்திலும் கலங்கல் தண்ணீர்தான்.

கோமதி ஆறு கங்கையில் கலக்கும் கைதி என்ற ஊரில், மார்க்கண்டேயர் கோயிலுக்குப் போய்விட்டுப் படகு ஏறினோம். படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காதைத் தொட்டுக் காட்டினார். அப்புறம்தான் புரிந்தது, அதைத் தேட வேண்டியது காதால். 'சூஸ்' என்று ஒரு மூச்சு. திரும்புவதற்குள் சாம்பல் நிற முதுகு உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தமே அங்கே அதற்குப் பெயர். கடல் டால்பின் மாதிரி துள்ளிக் குதித்து வேடிக்கை காட்டும் பழக்கமெல்லாம் இதற்கு இல்லை. கண்ணில் லென்ஸ் கிடையாது. வெளிச்சமா இருட்டா என்று தெரிந்தால் அதிகம். ஒலியை எழுப்பி, எதிரொலியை வைத்து மீனைப் பிடிக்கிறது. பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு துடுப்பால் ஆற்றுத் தரையைத் தடவியபடி நீந்துமாம். 2009-ல் இதை இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தார்கள். 2025-ல் வெளியான கணக்கெடுப்பில் இந்திய ஆறுகளில் மொத்தம் 6,327 ஆற்று டால்பின்கள். அதில் மூன்று சிந்து நதி இனம், மற்றதெல்லாம் இதுதான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு முதுகைக் காட்டுறதுக்கு இவ்வளவு காசா?" என்றார்.

லக்னோவுக்குக் காரில் போகும்போது அம்மாவுக்கான ஆள் வந்தது. நெல் வயல் நடுவே இரண்டு சாரஸ் கொக்குகள். சாம்பல் உடம்பு, இறகில்லாத சிவப்புத் தலை. பறக்கும் பறவைகளிலேயே உயரமானது இதுதான், ஆறடி வரை வளரும். நம்ம பெனாகா வயலில் டிராக்டர் பின்னால் நடக்கும் வெள்ளைக் கொக்கு இதற்கு உறவில்லை. அது கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். சாரஸ் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு பறக்கும். கிழங்கு, தானியம், தவளை, பூச்சி எல்லாம் தின்னும். வயலிலேயே கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். விவசாயி மனசு வைத்தால்தான் குஞ்சு.

எனக்கு இங்கேதான் இரண்டும் பிரிகின்றன. சூஸ் அந்தக் கலங்கலில் யார் கண்ணிலும் படாமல் பிழைக்கிறது. மீன் வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துப் போகிறது. சாரஸுக்கு ஒளியவே தெரியாது. ஊருக்கு நடுவே நெட்டுக்குத்தலாக நிற்கிறது. சாவு பல நேரம் மின்கம்பியில்.

டிரைவர் சொன்னார், ஜோடியில் ஒன்று செத்தால் மற்றது பட்டினி கிடந்து உயிரை விடும் என்று. காரில் யாரும் பேசவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து அம்மா கேட்டார்: "காலையில நான் நாலு பூரி சாப்பிட்டேனே, அது தப்பா?"

தப்பில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஜோடியாகவே வாழ்வது உண்மை. ஆனால் துணை போன சாரஸ் வேறு துணையோடு சேர்வதும் உண்டு. முகலாய மன்னர் ஜஹாங்கீர் ஒரு ஜோடிக்கு லைலா, மஜ்னு என்று பெயர் வைத்து வளர்த்திருக்கிறார். காதல் கதை ஒட்டிக்கொண்டது நேற்று இன்றல்ல.

நேற்று ஃபெரியில் இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தப் பினாங்குக் கடலிலும் டால்பின் உண்டு என்றேன், அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பவே இல்லை. சாரஸ் ஜோடி சேர்ந்து கத்தும்போது, ஆண் ஒரு தடவை கத்தினால் பெண் இரண்டு தடவை கத்தும் என்றேன்.

"ரெண்டுதானா?" என்றார் அம்மா.