யாருக்கு மருந்து போட?

“மேலத்தெருக்காரவ மருந்து வாடை அடிக்குன்னு கிணத்துக்குப் போறாவ. கீழத்தெருவுக்கு மருந்தே எட்டலன்னு நீங்க சொல்லுதிய. நான் யாருக்குப் போட, மேடம்?”

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில், குடிநீர்த் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிற டேங்க் ஆபரேட்டர் அண்ணாச்சி, தண்ணீரைச் சோதிக்கப் போயிருந்த என்னிடம் கேட்டது இது. “கொடை முடியுற வரைக்கும் கொஞ்சம் கூடவே போடுங்க அண்ணாச்சி” என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? கீழத்தெருவின் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீர், எச்.டூ.எஸ். குப்பியில் ஒரே ராத்திரியில் கறுத்துவிட்டது. மலக்கலப்போடு சேர்ந்து வரும் பாக்டீரியா இருந்தால் கறுக்கிற சோதனை அது. 1982இல் குவாலியர் ஆய்வாளர்கள் கொண்டுவந்தது. எந்தக் கிருமி என்று அது சொல்லாது. ஆனாலும் கறுத்த குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் குழந்தைகளோடு வந்து இறங்குகிற சனத்தைப் பார்த்தபோது, சும்மா இருக்க மனம் வரவில்லை.

அண்ணாச்சி மேல் எந்தக் குறையும் இல்லை. 30,000 லிட்டர் தொட்டி. லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 60 கிராம் குளோரின் வேண்டும். 33 சதவீத ப்ளீச்சிங் பவுடரில் ஏறக்குறைய 180 கிராம். அதை அவர் சரியாகத்தான் போட்டுவந்தார். தொட்டியடியில் பிடித்த தண்ணீரில், குளோரின் இருந்தால் மஞ்சளாக்குகிற சோதனைச் சொட்டை விட்டால் நிறம் நன்றாக வந்தது. கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். கீழத்தெருவில் நிறமே வரவில்லை.

காரணம் தெருவிலேயே கிடந்தது. கோடையில் அழுத்தம் குறைந்து தண்ணீர் ஏறாததால், வீட்டுக்கு வீடு குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தியிருந்தார்கள். குழியில் சாக்கடை கசிந்து நிற்கும். வால்வை அடைத்ததும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, நிற்கிற அழுக்கை உள்ளே இழுக்கும். அந்த அழுக்கோடு மல்லுக்கட்டியே குளோரின் தீர்ந்துவிடும். இதற்குத் தொட்டியில் கூடக் கொட்டுவது தீர்வில்லை என்று பயிற்சிகளில் நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். குழாயைத் தரைக்கு மேலே தூக்க வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும், அதற்குத் தெருவாரியாக வால்வு பிரிக்க வேண்டும். ஒரு ராத்திரியில் ஆகிற வேலையா அது?

தண்ணீரை நிறுத்தியிருக்கலாம். கொடையன்று? வந்த கூட்டம் எதைக் குடித்திருக்கும்? காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனேன். ஒரு அக்கா என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: “வீட்டுல இருவது பேரு வந்திருக்காவ. சோறு பொங்கவே அடுப்பு காணல. தண்ணிய எப்ப காய்ச்ச?” கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே மேலத்தெருவில் வாடை தூக்கலாக இருந்தது. வழக்கமாகப் போகிறவர்களோடு இன்னும் பலர் குடத்தோடு ஊர்க்கிணற்றுக்குப் போனார்கள். வாடை அடிக்காத தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று காலங்காலமாக நம்புகிற ஊர்கள் நம்முடையவை. தாமிரபரணித் தண்ணீரின் ருசி பழகிய நாக்குக்கு ப்ளீச்சிங் வாடை பிடிக்காததில் ஆச்சரியம் என்ன? அந்தக் கிணற்றிலோ துளி குளோரின் கிடையாது. அதைச் சோதிக்க என்னிடம் குப்பி மிச்சமில்லை.

கொடை நன்றாகவே முடிந்தது. அப்புறம் சில பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. உப்பு சர்க்கரைக் கரைசலிலேயே சரியாகிவிட்டது. எந்தத் தெருப் பிள்ளைகள் என்று விசாரித்தேன். இரண்டு தெருவிலும் இருந்தார்கள். குழாயா, கிணறா, திருவிழாக் கடை ஐஸா, யார் சொல்ல முடியும்? கூடப் போடச் சொன்னதால் கீழத்தெருவில் சிலர் தப்பியிருக்கலாம். அதே மருந்து மேலத்தெருவில் சிலரைக் கிணற்றுக்கு விரட்டியிருக்கலாம். முதலாவதை நினைத்தால் கொஞ்சம் நிம்மதி. இரண்டாவதை நினைத்தால் அந்த நிம்மதி போய்விடுகிறது.

வால்வு பிரிக்க எழுதிக் கொடுத்தேன். இதுவரை நடக்கவில்லை. அண்ணாச்சியே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மேலத்தெருக்காரர்களைக் குழாய்களை அடைத்து வைக்கச் சொல்லிவிட்டுக் கீழத்தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுகிறார். குழிகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் கடைசிக் குழாயில் இப்போது லேசாக மஞ்சள் வருகிறது. நான் போகிற மற்ற ஊர்களிலும் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். மேலத்தெருக்காரர்கள் ஒத்துக்கொள்கிற ஊரில் நடக்கிறது. இன்னொரு கொடைக்கு முந்தின நாள் குப்பி கறுத்தால், அப்போதும் கூடப் போடச் சொல்லித்தான் ஏணியில் ஏற்றிவிடுவேன் என்று தோன்றுகிறது.