பட்டன் இருந்தது, ரப்பர் இல்லை

கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, கடலூரில் அம்மாவைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அரியாங்குப்பம் பாலத்தை நெருங்கும் இடத்தில், முன்னே சென்ற டெம்போ பயணி ஒருவரை ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. நான் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. சாலையில் நீர் தேங்கியிருக்கவும் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன் தூறி ஓய்ந்த ஈரம் மட்டுமே இருந்தது. பிரேக்கை மிதித்ததும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப்போகும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் ஏபிஎஸ் காலடியில் துடித்தது, வண்டி வழுக்கிக்கொண்டே போய் டெம்போவின் பின்படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டெம்போ ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு டயர்களைப் பார்த்தேன். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடு பள்ள வடிவம், நன்றாகவே இருந்தது. அளவுகோலை விட்டு அளந்தபோது 5 மில்லிமீட்டர் ஆழம் காட்டியது; சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குக் குறையே தெரியாத டயர் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வியோடுதான் அடுத்த மூன்று வாரங்கள் கழிந்தன.

என்னுடையது 2008ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் இ 280 சிடிஐ. வண்டிப் பித்தர்கள் டபிள்யூ 211 என்று எண் சொல்லி அழைக்கும் தலைமுறையைச் சேர்ந்தது. நான் இரண்டாவது உரிமையாளன். ஒரு சிறிய புதுக்காரின் விலையைவிடக் குறைவாக இத்தகைய வண்டிகள் இன்று கைமாறுகின்றன என்பதால், வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: காரின் விலை இறங்கினாலும் அதன் டயரின் விலை இறங்குவதில்லை. ஏறத்தாழ 1,700 கிலோ எடையுள்ள இந்த வண்டி, பிறந்த அன்று எந்த டயரைக் கேட்டதோ அதே டயரைத்தான் பதினேழு ஆண்டுகள் கழித்தும் கேட்கிறது.

டயரின் வயதை அறிய அதன் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னே வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். இந்த முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், அந்தப் பக்கம் பல வண்டிகளில் உட்புறமாகத் திரும்பியிருக்கும். என் காரிலும் அப்படித்தான். பாய் விரித்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தபோது பின் டயர்களில் 2316 என்றும், முன் டயர்களில் 1118 என்றும் இருந்தன. அதாவது பின்னால் இருப்பவை 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டவை. ஆறு ஆண்டுகள் ஆனால் தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் மாற்றிவிடுங்கள் என்று மெர்சிடிஸின் கையேடே சொல்கிறது; நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே அன்றிரவுதான்.

ரப்பர் ஓடாமலேயே கெடும் பொருள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. காற்றில் உள்ள ஓசோனிலிருந்து காக்க டயர் கலவையில் மெழுகும் வேறு சில வேதிப்பொருள்களும் சேர்க்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்குக் கசிந்து வந்து ஒரு காப்புப் படலமாகின்றன. நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. இலாசுப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பிற்பகல் முழுவதும் வெயிலைத் தாங்கிக்கொண்டு நிற்கும் கார், ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்தி விரித்தபோது தலைமுடி அளவில் விரிசல்கள் தெரிந்தன. மாதந்தோறும் கார் கழுவும் கடையில் பூசிவிடும் பளபளப்பான திரவம் இவற்றையெல்லாம் மூடி மறைத்து, டயரைப் புதுமாப்பிள்ளைபோல் காட்டிக்கொண்டிருந்தது.

ஆக, என் டயர்கள் தேய்ந்து சாகப்போவதில்லை, வயதாகித்தான் சாகப்போகின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகு தேர்வு எளிதாகிவிட்டது. கடைக்காரர்கள் முதலில் சொல்வது டயர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். பல டயர்களின் பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண்ணும், டிராக்‌ஷன் என்று ஓர் எழுத்தும் இருக்கும். எண் கூடினால் தேய்மானம் குறைவு என்று பொருள்; ஆனால் அதை ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்துத் தானே இடுவதால், ஒரு நிறுவனத்தின் 400ஐ இன்னொரு நிறுவனத்தின் 400உடன் ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. டிராக்‌ஷன் எழுத்து, நனைந்த தளத்தில் நேராகப் பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் பிடிமானத்தைக் குறிப்பது. அதில் ஏஏ உச்சம், அடுத்தது ஏ. ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவன் எண்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கும் டயருக்காகப் பிடிமானத்தை விட்டுக்கொடுப்பது, நாலு பேர் உள்ள வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவதைப் போன்றது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இங்கே வண்டி ஓட்டுகிறவருக்கு ஈரப்பிடிமானம் ஆடம்பரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது என்பது உண்மைதான். ஆனால் சாதாரண ஐப்பசித் தூறலில் உதவும்.

அளவைப் பொறுத்தவரை என் காரில் 225/55 ஆர் 16; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நூறடிச் சாலையில் நான் முதலில் போன கடையில் இருந்த இளைஞர், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “பதினெட்டு இஞ்ச் அலாய் போட்டுடலாம் சார், லுக்கே வேற ஆயிடும்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, பார்வைக்கு வேறாகத்தான் ஆகும். ஆனால் மொத்த விட்டம் மாறாமல் ரிம்மைப் பெரிதாக்கினால் அந்த வித்தியாசம் ரப்பரின் உயரத்திலிருந்துதான் குறைய வேண்டும். 225 மில்லிமீட்டர் அகலத்தில் 55 விழுக்காடு என்றால் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ 124 மில்லிமீட்டர். இதே வண்டிக்குப் பொருந்தும் 245/45 ஆர் 17க்கு மாறினால் மொத்த விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட வேறுபாடு வராது, ஆனால் பக்கச்சுவர் 110 மில்லிமீட்டராகிவிடும். பதினெட்டில் இன்னும் குறையும். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிய நம் தெருக்களில், அந்தப் பதினான்கு மில்லிமீட்டர் ரப்பர்தான் இடுப்புக்கும் ரிம்முக்கும் காவல். இந்தக் காரின் சொகுசு இருக்கையின் தோலில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது டயரின் பக்கச்சுவரில் தொடங்குவதாகவே படுகிறது.

மறுபுறம், மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கிறது என்று 205/55 ஆர் 16 போடச் சொன்னவர்களும் உண்டு. அது விட்டத்தில் 22 மில்லிமீட்டர் சிறியது. வேகமானி மூன்று விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகக் காட்டும், எடை தாங்கும் திறனும் குறையும். அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

அளவுக்குப் பின்னால் வரும் 95 டபிள்யூ என்பதைக் கடைகளில் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை, வி என்றால் 240 வரை. திண்டிவனம் சாலையில் நூறைத் தாண்டவே தயங்கும் எனக்கு 270 எதற்கு என்று கேட்கலாம். அந்த எழுத்து உண்மையில் வெப்பம் தாங்கும் வலிமையைச் சொல்வது. சித்திரை வெயிலில் நாலு பேரும் பெட்டிகளுமாக கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது அந்த வலிமை வேண்டியிருக்கிறது. 99 என்ற எண்ணோடு எக்ஸ்எல் என்று வரும் டயர் 775 கிலோ தாங்கும், ஆனால் சட்டகம் கெட்டியாக இருப்பதால் சவாரியும் கொஞ்சம் கெட்டியாகிவிடும். வண்டி கேட்காத வலிமையை வாங்கிக் குலுக்கலை விருந்துக்கு அழைப்பானேன் என்று 95ஐயே தேடினேன்.

தேடியபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. இன்றைய சொகுசுக் கார்கள் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது அங்குலங்களுக்குப் போய்விட்டதால், இந்த அளவைக் கேட்டு வருபவர்கள் அரிது. போதாததற்கு 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு உரிமம் தேவை என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பின், வெளியிலிருந்து வரும் டயர்களின் வகைகள் சுருங்கிவிட்டன. அரிதாக விற்கும் அளவு என்றால் கிடங்கில் நெடுநாள் கிடக்கும் அளவு என்று பொருள். ஒரு கடையில் தாள் சுற்றிய புத்தம்புதிய டயர்களைக் காட்டி, நான் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலையும் சொன்னார்கள். தாளைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கலாமா என்று கேட்டதும் உரிமையாளரின் முகம் மாறியது. எண் 0921. நான்கரை ஆண்டுகள் தாளுக்குள் தூங்கிய டயர் அது. “ஓடாத டயர்தானே சார்” என்றார். என் பழைய டயர்களும் அதிகம் ஓடாதவைதாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், “எரிப்பாக்கத்துலயே எம்ஆர்எஃப் தொழிற்சாலை இருக்கு, நீ எதுக்குத் தம்பி ஊரெல்லாம் அலையுற?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், என் ஸ்கூட்டரில் அதுதான் ஓடுகிறது. ஆனால் நான் விசாரித்த கடைகளில் இந்த அளவும் இந்த எழுத்தும் சேர்ந்து அதில் கிடைக்கவில்லை. பக்கச்சுவரில் எம்ஓ என்று முத்திரையிட்ட, அதாவது மெர்சிடிஸ் தனக்கெனச் சோதித்து ஏற்ற டயரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் நண்பர்களும் எனக்கு இருக்கிறார்கள். புது வண்டியில் அதற்குப் பொருள் உண்டு. பதினேழு வயது வண்டியில், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களும் ஷாக் அப்சார்பர்களும் ஒருமுறை மாறிவிட்ட பிறகு, முத்திரையைவிடத் தேதி முக்கியம் என்பதே என் முடிவு.

கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்த மிச்சலின் பிரைமசி 4, நான்கும் ஒரே வாரத்தில் வார்த்தவை, வயது ஏழு மாதம். தேய்ந்த நிலையிலும் ஈரத்தில் பிடிக்கும்படி பள்ளங்களை வடிவமைத்திருப்பதாக நிறுவனம் சொல்கிறது. தேயும் வரை நான் வைத்திருக்கப்போவதில்லை என்பதால் அந்தச் சிறப்பு எனக்கு வீண். அது சத்தமில்லாத, சாந்தமான டயர் என்பதற்காகவே எடுத்தேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருந்ததும் ஒரு ஆறுதல்.

பழைய பின் டயர்களைக் கழற்றியபோது வேறொன்றும் தெரிந்தது. வெளி ஓரத்தில் 5 மில்லிமீட்டர் இருந்த பட்டன், உள் ஓரத்தில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. நின்ற நிலையில் வெளிப்புறத்தை மட்டும் அளந்த என் அளவுகோலின் யோக்கியதை அவ்வளவுதான். சக்கரம் நிற்கும் கோணம் பிசகினால் இப்படி ஓரம் தேயும் என்பதால், அலைன்மென்ட்டை நான்கு சக்கரங்களுக்கும் பார்க்கச் சொன்னேன். இந்த வண்டியில் சக்கரத்தைப் பிடிப்பது நட்டு அல்ல, ஹப்பில் முறுக்கும் போல்ட். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கித் தள்ளாமல் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து 130 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். கடைப்பையன் சிரித்துக்கொண்டே செய்தான், ஆனால் செய்தான். வால்வுகளையும் புதிதாக்கிவிட்டு, டீசல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்றடித்தோம்.

புதிய டயரில் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும் என்பதால் முதல் இருநூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். அதன் பின் ஒரு மழை நாளில் அதே அரியாங்குப்பம் பாலத்தருகே, பின்னால் யாரும் வராததைப் பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே ஒருமுறை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஏபிஎஸ் வாய் திறக்கவில்லை.

டிக்கியில் கிடந்த ஸ்டெப்னியை எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே எடுத்துப் பார்த்தேன். தரையையே தொடாத டயர், பட்டன் முழுதாக, 8 மில்லிமீட்டர். எண் 0408. ஐந்தாவது டயருக்கும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பழையதை வீராம்பட்டினத்து நண்பர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் அவருடைய படகின் பக்கவாட்டில், சுவரில் மோதாமல் இருக்கக் கயிற்றில் தொங்குகிறது.