அம்மாவின் முழங்கால் ஐந்து மாதம் காத்திருந்தது

2020 ஏப்ரலில் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் முடிந்து, கழிவறையில் கைப்பிடிகூடப் பொருத்திவிட்டோம். கொவிட் பரவலைத் தடுக்க, சிங்கப்பூரில் ஏப்ரல் 7 முதல் சர்க்யூட் பிரேக்கர், அதாவது ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரமே தாதி அழைத்தார்: “அம்மா, உங்களுடையது எலெக்டிவ் அறுவை சிகிச்சை, அதனால தேதி தள்ளிப்போகுது. புதுத் தேதி இப்போ சொல்ல முடியாது.”

அம்மாவுக்கு வந்ததே கோபம். “எலெக்டிவாம்! நான் என்ன மூக்கை அழகுபடுத்திக்கவா போறேன்?”

பிறகு டாக்டரிடம் தொலைபேசியில் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. எலெக்டிவ் என்றால் தேவையில்லாதது என்று அர்த்தமில்லை. தேதி குறித்துச் செய்யக்கூடியது, அவ்வளவுதான். தள்ளிவைத்தால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து வருமா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். அப்புறம், அந்த அறுவை சிகிச்சைக்குப் படுக்கை எத்தனை நாள் வேண்டும், ஆள் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். மயக்க மருந்து டாக்டர்களுக்குச் சுவாசக் கருவி கைவந்த வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவு நிரம்பினால் முதலில் தேடுவது அவர்களைத்தான். வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் தொற்று பரவி, ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குக் கொவிட் உறுதியானது. அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வேறு. அறுவை சிகிச்சை சமயத்தில் கிருமி தொற்றினால் நுரையீரல் தாங்காது என்றார் டாக்டர்.

எங்கள் புளோக்கில் ஓர் அக்காவுக்கு அதே மாதம் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை, குறித்த தேதியில் நடந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா அடங்கினார்.

ஆனால் ஒன்றை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இந்த வரிசை தேதிப்படி மட்டும் நகர்வதில்லை. நிலைமை மோசமானால் நாம்தான் அழைத்துச் சொல்ல வேண்டும். அம்மா கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினார். ஜூனில் நான் அழைத்தேன். “ரொம்ப வலிக்குது” என்று மட்டும் சொல்லியிருந்தால் வேலைக்கு ஆகியிருக்காது. முன்பு சந்தைவரை நடந்தவர், இப்போது கழிவறைக்கே சுவரைப் பிடித்துப் போகிறார், இரவில் இரண்டு முறை விழப் பார்த்தார் என்று விவரமாகச் சொன்னேன். மறுவாரமே டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்தது, அறுவை சிகிச்சைக்குச் செப்டம்பரில் தேதி கொடுத்தார்கள்.

சேர்வதற்கு முன் கொவிட் சுவாப் பரிசோதனை. மூக்கில் குச்சி விட்ட அந்தத் தாதியை அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். முழங்காலை அறுத்ததைப் பற்றிப் பேச்சே இல்லை.