டர்பன் சாட்ஸ்வொர்த் புறாக்கூட்டிலிருந்து

ஜூன் 4
காலையில் கூட்டைச் சுரண்டும்போது பார்த்தேன், எச்சம் தண்ணீராகக் கிடந்தது. நடுவில் சின்னதாக ஒரு திரி, சுற்றிலும் தெளிந்த நீர். ராத்திரி நிரப்பிய தண்ணீர்ப் பாத்திரமும் காலி. புது மூட்டை மீலி (மக்காச்சோளம்) ஒத்துக்கொள்ளவில்லை போல என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 7
சாம்பல் பெட்டையால் இரை பொறுக்க முடியவில்லை. மீலியைப் பார்த்துக் குனிகிறது, அலகு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் குத்துகிறது. எட்டுக் கொத்தில் ஒன்றுதான் வாய்க்குள் போனது. சாயங்காலம் கழுத்து திருகிக்கொண்டது. தலை கீழே, அலகு மேலே. ஆயா பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருச்சுப்பா" என்றார்.

ஜூன் 8
கால்நடை டாக்டர் வந்தார். முதலில் இறக்கை மூட்டையும் கால் மூட்டையும் தடவிப் பார்த்தார். வீக்கம் இருந்தால் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாமாம். இல்லை. அப்புறம், வாந்தி உண்டா என்று கேட்டார். 2016-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ரோட்டாவைரஸ் புகுந்து, வாந்தியும் பச்சைக் கழிச்சலுமாகப் புறாக்கள் செத்தன. அதுவும் இல்லை.

"பாராமிக்சோ மாதிரி தெரியுது தம்பி" என்றார். கோழிக்கு வரும் நியூகாசில் வைரஸின் புறா வடிவம். 1970-களின் கடைசியில் மத்திய கிழக்கில் தலைகாட்டி, 80-களில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. தென்னாப்பிரிக்காவுக்கும் புதிதல்ல; 2001 முதல் 2006 வரை இங்கே புறாக்களில் பிடித்த வைரஸ்களை ஆராய்ந்திருக்கிறார்கள். சிறுநீரகத்தைத் தாக்குவதால்தான் அந்தத் தண்ணீர். நான் பார்த்தது கழிச்சலே இல்லை, மூத்திரம்.

மாதிரி எடுத்துப் போனார். நியூகாசில் சட்டப்படி தெரிவிக்க வேண்டிய நோய், அரசுக் கால்நடை அலுவலகத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 9
ராத்திரி தூங்கவில்லை. போன சனிக்கிழமை பந்தயப் பயிற்சிக்கு என் புறாக்கள் மற்றவர்களுடையதோடு ஒரே கூடையில் போயின. அப்போதே உள்ளே கிருமி இருந்திருக்கும். அந்தக் கூடையில் புறா அனுப்பிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஒரு அண்ணன் கத்தினார். கத்தட்டும், அவருடைய குஞ்சுகள் இன்னும் ஊசி போடாதவை.

ஜூன் 13
மூன்று குஞ்சுகள் போய்விட்டன. கோழிக்கான சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டால் போதும் என்று இரண்டு வருஷம் நம்பியிருந்தேன். புறாவுக்கென்றே செத்த வைரஸில் செய்த ஊசி இருக்கிறது, கழுத்துத் தோலுக்கடியில் போடுவது. நோய் தெரியாதவற்றுக்கு இன்று போட்டேன். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் எதை எது தொடுமோ.

ஒன்று மட்டும் எல்லோருக்கும்: கூட்டைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். மனிதருக்கும் கண் சிவந்துவிடும்.

ஜூன் 19
ஆய்வகத்திலிருந்து பதில். பாராமிக்சோதான். இந்த சீசன் என் புறா எதுவும் கூட்டை விட்டு வெளியே போகாது.

ஜூன் 30
சாம்பல் பெட்டைக்கு இத்தனை நாளும் ஊறவைத்த பட்டாணியைக் கையால் ஊட்டினேன். டாக்டர் சொன்னபடி இன்று ஆழமான கிண்ணத்தில் மீலி நிறைய வைத்தேன். எங்கே குத்தினாலும் தானியம் அகப்படும். கழுத்து இன்னும் கோணல்தான். கண் வரை அலகை முக்கி, தானாகவே தின்றது. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.