தள்ளினால் ஓடுகிறது, செல்ஃபில் எடுக்கவில்லை

ஜனவரி 2, வெள்ளி

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நேற்று மாலைதான் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்தது. மூன்று மாத வேலை. பாடியைத் தனியாகக் கழற்றி, சேஸிஸைச் சுரண்டி, துரு பிடித்த இடங்களை வெட்டி ஒட்டி, பெயின்ட் அடித்து மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். ஹெரால்டில் பாடி வேறு சேஸிஸ் வேறு என்பதால் இதெல்லாம் முடிகிறது. பெயின்ட் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, அப்பா வாங்கியபோது இருந்த அதே வெளிர் நீலம். அம்மா வாசலுக்கு வந்து பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் செய்த வண்டி. சேலையூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது.

பிரச்சினை இன்று காலையில் ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, மூன்றாவது தடவை சோலனாய்டு, அதாவது செல்ஃபுக்குக் கரண்டை விடும் சுவிட்ச், டொக் என்பதோடு சரி. பேட்டரி புதுசு. நானும் மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து தள்ளினோம், இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் உடனே பிடித்துக்கொண்டது. தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினேன். மறுபடி செல்ஃபில் எடுக்கவில்லை.

தள்ளினால் உடனே வருகிறது, செல்ஃபில் வரவே இல்லை. இதை மறக்காமல் இங்கே எழுதி வைக்கிறேன், இதில் ஏதோ இருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

பட்டறையிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பினார்கள். வந்தவர் மீட்டர் எதுவும் எடுத்து வரவில்லை. காயில் (பிளக்கின் பொறிக்கு வோல்ட்டை ஏற்றித் தரும் சுருள்) வீக், செல்ஃப் மோட்டாரைப் பிரிக்க வேண்டும், பேட்டரியும் சின்னது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் உள்ளே தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் சோலனாய்டிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு நீல நிற வீட்டு ஒயரை இழுத்து 'டைரக்ட்' கொடுத்துவிட்டார். தள்ளி ஸ்டார்ட் செய்தோம், ஓடியது. சாவியை எடுத்தேன், வண்டி நிற்கவில்லை! பிரேக்கை மிதித்து கியரில் போட்டு கிளட்சை விட்டுத்தான் அணைக்க முடிந்தது.

அவர் போனதும் முதல் வேலையாக அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். இந்த வண்டிகளில் இக்னிஷன் பாதைக்கு ஃபியூஸே கிடையாது. காயிலின் உள்ளே கிட்டத்தட்ட 3 ஓம்தான். காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்சான பாயிண்ட் மூடிய நிலையில் வண்டி நின்றிருந்தால் டைரக்ட் ஒயர் வழியாக இரவு முழுவதும் 4 ஆம்பியர் ஓடி காயிலைச் சுட வைத்துக்கொண்டே இருக்கும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து ஒயரிங்கைக் கண்ணால் தொடர்ந்தேன். லூகாஸ் நிறங்கள் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழுப்பு என்றால் சாவிக்கு முன்னால் எப்போதும் உயிரோடு இருப்பது. வெள்ளை, சாவியிலிருந்து காயிலுக்கு. வெள்ளையில் கறுப்புக் கோடு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாயிண்ட் இருக்கும், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்). வெள்ளையில் சிவப்புக் கோடு, சாவியிலிருந்து சோலனாய்டுக்கு. கறுப்பு எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம். அறுபது வருஷத்தில் நிறம் மங்கியிருந்தாலும் துணியால் துடைத்தால் கோடு தெரிகிறது. எல்லாம் அதன் அதன் இடத்தில்தான் இருந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

ஆபீஸிலிருந்து வந்து ஒரு மணி நேரம். பிளக் கேப் 25 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பாயிண்ட் கேப் 15 தவ், ஃபில்லர் கேஜ் வைத்துச் சரி செய்தேன். பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்தேன். மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து எஞ்சினுக்கும் பேட்டரி எர்த்துக்கும் நடுவில் பார்த்தேன், பீப் அடித்தது. எர்த் இருக்கிறது என்று டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். மாற்றம் எதுவும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். காயில், பாயிண்ட், கண்டென்சர் என்கிற இந்த ஏற்பாடு சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக் காருக்குச் செய்தது. 1912 காடிலாக்கில் வந்த செல்ஃப் ஸ்டார்ட்டரும் அவர் வேலைதான். பாயிண்ட் மூடும்போது காயிலில் காந்தம் ஏறுகிறது, திறக்கும்போது அது சட்டென்று சரிந்து பல ஆயிரம் வோல்ட்டாக பிளக்குக்குப் போகிறது, பாயிண்ட் கருகாமல் கண்டென்சர் காப்பாற்றுகிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத அமைப்பு, பொறுமையாகத் தேடினால் கிடைத்தே ஆக வேண்டும்.

ஜனவரி 10, சனி

கிடைத்தது! மகன்தான் கண்டுபிடித்தான்.

நான் பானெட்டுக்கு முன்னால் மீட்டரோடு நிற்க, அவன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஐந்தாறு முறை ஆன பிறகு, "அம்மா, இந்த சோக் பட்டன் ஏன் சுடுது?" என்றான். போய்த் தொட்டுப் பார்த்தேன், உண்மையிலேயே வெதுவெதுப்பு. பானெட் பக்கம் வந்து சோக் கேபிளைத் தொட்டால் அதைவிடச் சூடு.

சோக் கேபிள் கரண்ட் போகிற பாதையே இல்லை. அது சூடாகிறது என்றால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதற்காகத்தான் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு செம்புப் பின்னல் பட்டை, எர்த் ஸ்ட்ராப், இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்ட்ராப் இல்லை. அது இருந்த போல்ட் ஓட்டையின் மேல் அழகாகப் பெயின்ட் அடித்திருக்கிறது.

அப்புறம் முறையாக அளந்தேன், செல்ஃப் சுற்றும்போதே. பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவில் 10.4 வோல்ட், அதாவது பேட்டரி நன்றாக இருக்கிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டார் முனை வரை இழப்பு 0.4. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சின் பிளாக் வரை 3.1 வோல்ட்! அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாத இடம் அது. மோட்டாருக்குக் கிடைத்தது ஏழு வோல்ட்டுக்கும் கீழே.

ஏழாம் வகுப்புக் கணக்குதான். செல்ஃப் நூறு ஆம்பியர் இழுக்கும்போது வழியில் வெறும் 0.03 ஓம் இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். செவ்வாய்க்கிழமை பீப் அடித்த மீட்டருக்கு 0.03 ஓம் என்பது பூஜ்யம் மாதிரிதான் தெரியும். எர்த்தை பீப் வைத்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, கரண்ட் ஓடும்போது வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

தள்ளினால் ஏன் வந்தது என்பதும் புரிந்துவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் மேல் இருக்கிறது, காயிலின் கரண்டும் அந்த எஞ்சின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கும் ஏழு வோல்ட்தான், பொறி செத்துவிடும். தள்ளும்போது செல்ஃப் இழுக்கவில்லை, காயிலுக்குப் பன்னிரண்டும் கிடைக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டு, வண்டி உதிரி பாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டை போனேன். பின்னல் பட்டை ஒன்று, இரண்டு பக்கமும் லக் அடித்தது, கூடவே பல் வாஷர் நான்கு. கியர்பாக்ஸ் கூட்டின் போல்ட்டிலிருந்து சேஸிஸுக்கு மாட்டினேன். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயின்ட்டை வெள்ளி தெரியும் வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். பேட்டரி எர்த் லக் பாடியில் உட்காரும் இடத்திலும் அடியில் பெயின்ட் இருந்தது, அதையும் சுரண்டியாயிற்று.

எஞ்சின் பிளாக் இழப்பு இப்போது 0.2. பேட்டரி முன்பைவிட இறங்கி 10.1 காட்டுகிறது, மோட்டார் இப்போதுதான் முழுசாக இழுக்கிறது. அரைச் சுற்றில் ஸ்டார்ட். அம்மா சமையலறையிலிருந்து, "அந்தச் சத்தம்தான்" என்றார்.

சோக் கேபிளையும் மாற்ற வேண்டும், உள் கம்பி சூட்டில் இறுகிவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

காலையில் ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். இரும்புலியூர் தாண்டியதும் வண்டி குலுங்கிக் குலுங்கி அணைந்தது. ஓரம் கட்டினேன், சாவியைத் திருப்பினால் உடனே எடுக்கிறது, ஐட்லிங் அமைதியாக இருக்கிறது, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் வெட்டுகிறது. அழுத்தி மிதித்தால் ஓடுகிறது! மறுபடி காலைத் தளர்த்தினால் வெட்டு. மிதித்தும் விட்டும் வீடு வந்து சேர்ந்தேன்.

பெட்ரோல் குறைபாடு என்றால் அழுத்தி மிதிக்கும்போதுதான் மோசமாக வேண்டும். இது நேர்மாறு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வண்டியைத் தொடவில்லை. அம்மா ஹெரால்டுக்கும் பொட்டு வைத்து வாசலில் கோலம் போட்டார்.

ஜனவரி 17, சனி

அப்பா காலத்திலிருந்தே எங்கள் வண்டிகளைப் பார்த்த பாய் ஒருவர் இருக்கிறார், தொழிலை விட்டு வருஷங்கள் ஆகின்றன. போனில் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பாப்பா, மிதிச்சா ஓடுதுன்னா வேக்கம் பிளேட்டைப் பாரு, உள்ள இருக்கிற சின்ன ஒயரைப் பாரு" என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையக்கூடியது. லேசாக ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வேக்கம், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசை, ஏறி, மெல்லிய குழாய் வழியாக அந்தத் தட்டை இழுத்து டைமிங்கை (பொறி விழும் நேரத்தை) முன்னே கொண்டுபோகிறது. ஐட்லிங்கில் அந்தக் குழாயில் வேக்கம் இல்லை, முழுசாக மிதித்தாலும் இல்லை. ஆக, தட்டு அசையும்போது மட்டும் கரண்ட் அறுகிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். என் கண் முழுக்கப் பெரிய ஒயர்களிலேயே இருந்திருக்கிறது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரின் வெளி முனைக்கும் பாயிண்ட் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மீட்டரை மாட்டி, வேக்கம் குழாயைக் கார்பரேட்டரிலிருந்து உருவி வாயால் உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது, மீட்டரில் எண் மறைந்தது. விட்டேன், எண் திரும்ப வந்தது. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் அப்படியே. வெளிமுனையிலிருந்து பாயிண்டுக்கு வரும் இரண்டங்குல ஒயர், வெளியே துணி உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கின்றன.

இந்த இடத்துக்குச் சாதாரண ஒயர் போடக் கூடாது. மெல்லிய இழைகள் நிறைய உள்ள, வளைந்து கொடுக்கும் ஒயர் வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் மறுபடி அறும். பழைய மீட்டர் புரோபின் சிலிகோன் ஒயரை வெட்டி, லக் வைத்து ஈயம் பற்ற வைத்தேன். தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் எர்த் ஒயரையும் அதே ஒயரால் மாற்றினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பாய் நேரிலேயே வந்துவிட்டார். நான் போட்ட ஒயரை விரலால் அசைத்துப் பார்த்து தலையாட்டினார். பிறகு காயிலைப் பார்த்துவிட்டு, "இது எப்ப மைனஸ் எர்த் ஆச்சு?" என்று கேட்டார். கேசட் பிளேயர் போடுவதற்காக அப்பா மாற்றியது, எண்பதுகளில். முதலில் இருந்தது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருப்பது. அப்போது காயிலின் இரண்டு சிறு ஒயர்களை இடம் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஒரு பென்சில் கேட்டார். எச்.டி. ஒயரை (பிளக்குக்குப் பொறியைக் கொண்டுபோகும் கனமான ஒயர்) இன்சுலேஷன் போட்ட குறடால் பிடித்து, பிளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, நடுவில் பென்சில் முனையை நீட்டினார். பொறி பென்சிலைத் தாண்டியபின் பிளக் பக்கம் விரிந்தால் சரி, ஒயர் பக்கம் விரிந்தால் தலைகீழ். எங்கள் வண்டியில் ஒயர் பக்கம் விரிந்தது. பிளக்கின் நடு முனைதான் அதிகச் சூடு, சூடான முனையிலிருந்து எலக்ட்ரான் சுலபமாகக் கிளம்பும், அதனால் அது எப்போதும் நெகட்டிவாக இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தாலும் ஓடும், காயில் கூடுதலாக உழைக்க வேண்டும். இரண்டு நட்டு, ஒரு நிமிஷ வேலை. இத்தனை வருஷமாக அப்படியே ஓடியிருக்கிறது.

பாய் கிளம்பும்போது அப்பா உட்காரும் டிரைவர் சீட்டின் கதவைத் திறந்து ஒருமுறை மூடிப் பார்த்தார்.

ஜனவரி 25, ஞாயிறு

அம்மாவை உட்கார வைத்து திருநீர்மலை போய் வந்தோம். அம்மாவால் மலை ஏற முடியாது, அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாளைச் சேவித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார், நானும் மகனும் மேலே போய் வந்தோம். வண்டி முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றது. சூடான எஞ்சின், எனக்குக் கொஞ்சம் பயம்தான். சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. மகன் குனிந்து சோக் பட்டனைத் தொட்டுப் பார்த்து, "சில்லுனு இருக்கு" என்றான்.

திரும்பும் வழியில் லேசாக மிதித்து, அழுத்தி மிதித்து, எல்லா மாதிரியும் ஓட்டினேன். எங்கேயும் வெட்டவில்லை. அடுத்த வாரம் ஒயர் முனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்க வேண்டும், சாவி சுவிட்சில் இன்னும் 0.6 வோல்ட் இழப்பு இருக்கிறது.